குழாய்த் தண்ணீர்க் கடிதம்

எங்கள் தெருவில் எனக்குப் பட்டப்பெயர் 'கடுதாசிக்காரி'. எரியாத விளக்கு, நிற்காத பஸ், வராத குப்பை வண்டி, எதுவானாலும் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் ஒருத்தி வாயை மூடவே என் வீட்டுக்காரரால் முடிந்ததில்லை. மின்சார அலுவலகத்தை நான் கிழிகிழியென்று கிழித்தபோது, அந்தப் பக்கத்தைத் தன் ஆபீஸ் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டவர் அவர்.

இந்த முறை கடிதம் குடிநீர் அலுவலகத்தைப் பற்றியது. அவர் வேலை பார்ப்பது அங்கேதான்.

குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று பரிசோதனை அறிக்கை வந்திருந்தது. மேலதிகாரி சொன்னார் என்று அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியவர் இவர். வீட்டில் மட்டும், "குழாய்த் தண்ணி வேணாம், கேன் வாங்கிக்கலாம்" என்றார். ஏன் என்று கேட்டால் மழுப்பினார். கீழ் வீட்டுக் குழந்தையை மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் உண்மையைக் கக்கினார். தினமும் எங்கள் வீட்டுக்கு விளையாட வருகிறவள் அவள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கடிதத்தை எழுதி, அனுப்புவதற்கு முன் அவரிடமே படித்துக் காட்டினேன். முதுகில் குத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

"என் வேலை போயிடும்டி."

"வேற வேலை தேடிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு வேற ஈரல் தேட முடியுமா?"

"மத்த ஆபீஸைப் பத்தி எழுதேன், யாரு வேணாங்கிறா?"

"நல்லா இருக்கே நியாயம்! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

அனுப்பிவிட்டேன். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை.

எழுதியவரைப் போனில் கூப்பிட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பத்திரிகையில் கடிதத்தை அச்சிடுவார்கள். சனிக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் என் போன் அடித்தது. நான் இறங்கி வருவதற்குள் அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"பத்திரிகை ஆபீஸ்லேருந்து பேசறேன் சார். குடிநீர் பத்தி ஒரு லெட்டர் வந்திருக்கு. எழுதினவங்க இருக்காங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

'ராங் நம்பர்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் போனைப் பிடுங்கி நானே பேசியிருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் இருபது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதர் யார் என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். ஈரக் கையோடு வாசலிலேயே நின்றேன். பயமாகத்தான் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "இருக்காங்க. ஆனா லெட்டர்ல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு சார்?"

"அறிக்கை வந்து ரெண்டு மாசம்னு எழுதியிருக்கா. அஞ்சு மாசம் ஆச்சு."

என்னிடம் இரண்டு என்றுதான் சொல்லியிருந்தார், படுபாவி.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"பூட்டி வச்சதே நான்தானே."

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "இதை உங்க பேரோட போடலாமா சார்?"

"போடுங்க" என்றார். "அவ பேருக்குக் கீழயே போடுங்க."