நூற்றெண்பது ஜாயின்ட்

இரண்டு வருஷமாக அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காத தங்கையும் தங்கை புருஷனும் ஒருநாள் காலை ஜோடியாக வந்து தகரக் கொட்டகை வாசலில் நின்றார்கள். உள்ளே ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த நொட்டாங்கை முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு நல்ல பெயர் இருக்கத்தான் செய்தது. இடது கையால் டார்ச் பிடிப்பவளுக்கு அது எதற்கு என்று பட்டறையில் எவனோ ஒரு குசும்பன் இப்படிக் கூப்பிட்டுவைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது.

"வாங்க மாப்பிள்ளை. என்ன, வழி தவறிட்டீங்களா?"

"அக்கா, ஒரு உதவி வேணும்."

"உதவியா? போன தடவை செஞ்ச உதவியே எனக்கு இன்னும் ஆறலை."

எப்படி ஆறும்? கடலோரத்தில் சூரிய மின்சாரத்தை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் பெரிய ஆலை ஒன்று எழும்பியபோது, அந்த வாயுவைக் கப்பல் துறைக்குக் கொண்டுபோகும் குழாய்களை இணைக்கும் வேலை அவள் அப்போதிருந்த பட்டறைக்குக் கிடைத்தது. ஹைட்ரஜன் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. மயிரிழை விரிசல் இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடும். அதனால் ஒவ்வொரு ஜாயின்ட்டின் பக்கத்திலும் அதை வைத்தவரின் நம்பரைப் பஞ்சு எனப்படும் இரும்பு அச்சால் அடித்தாக வேண்டும். நொட்டாங்கையின் நம்பர் ஏழு. ஏழாம் நம்பர் என்றால் எக்ஸ்ரே பார்ப்பவர் பாதித் தூக்கத்திலேயே பாஸ் போட்டு அனுப்புவார்.

மாப்பிள்ளைக்கு நம்பர் இருபத்திரண்டு. அந்த வேலையே இவள் சொல்லி வாங்கிக் கொடுத்ததுதான். மூன்று மாதத்துக்குள் நல்ல ஜாயின்ட்டுகள் காட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் கைக்கோ வெல்டிங் வசப்படவே இல்லை. தங்கை வந்து அழுதாள். தங்கை அழுதால் இவளுக்குப் புத்தி வேலை செய்யாது. தான் வைத்த நூற்றெண்பது ஜாயின்ட்டில் அவனுடைய இருபத்திரண்டை அடித்துக் கொடுத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தாள்.

பதிலுக்கு அவன் என்ன செய்தான்? தான் கோணல்மாணலாக வைத்த ஒரு ஜாயின்ட்டில், பயந்துபோய், அவள் பெட்டியிலிருந்த ஏழாம் நம்பர் பஞ்சை எடுத்து அடித்துவிட்டான். அழுத்தச் சோதனையில் அது ஒன்றுதான் கசிந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் அவள் பஞ்சைப் பிடுங்கிப் பழைய இரும்புத் தொட்டியில் வீசினார். கசிந்த துண்டை அறுத்தெடுத்து, 'இது ஏழாம் நம்பர்' என்று எழுதிப் பட்டறை வாசலில் மாட்டினார். வாயைத் திறந்தால் தான் பொய் நம்பர் அடித்ததை முதலில் சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவனாவது உண்மையைச் சொல்வான் என்று ஒரு வாரம் காத்திருந்தாள். அவனை மேஸ்திரி ஆக்கிய செய்திதான் வந்தது. ஏழாம் நம்பர் தன் கைக்குத் திரும்ப வேண்டும், இவன் எல்லார் முன்னாலும் கூனிக்குறுகி நிற்க வேண்டும். இந்த ஒரே நினைப்போடுதான் இரண்டு வருஷமாகக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"முதலாளியும் வந்திருக்காருக்கா" என்றான் மாப்பிள்ளை. தெருமுனையில் கார் நின்றது.

"இறங்கி வரச் சொல்லுங்க. காருக்குள்ள உக்காந்துக்கிட்டுக் கேக்குற உதவியை நான் செய்யறதில்லை."

முதலாளி வந்தார். இருந்த ஒரே ஸ்டூலில் இரும்பு தேய்க்கும் கிரைண்டரைத் தூக்கி வைத்தாள். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"ஹைட்ரஜன் வாங்குறவங்க நம்ம ஆலையையும் பாக்குறாங்க, இன்னொரு நாட்டுக்காரனையும் பாக்குறாங்கம்மா. விலையில அவன்கிட்ட நிக்க முடியாது. அவனுக்கு வெயிலும் ஜாஸ்தி, வட்டியும் கம்மி. நம்மகிட்ட இருக்குறது நாணயம் ஒண்ணுதான். எந்தச் சாமான் எங்கேருந்து வந்துச்சு, யார் கை பட்டுச்சு, எல்லாத்துக்கும் ஆதாரம் தர்றோம், கசிவே கிடையாதுன்னு ஆலைக்காரங்க சொல்லியிருக்காங்க."

"தர வேண்டியதுதானே."

"குழாய் ஒரு நாட்டுலேருந்து வந்துச்சு, வால்வு இன்னொரு நாடு, தண்ணியைப் பிரிக்கிற மெஷின் வேற நாடு. அதுக்கெல்லாம் காகிதம் இருக்கு. இங்க நாம செஞ்சது வெல்டிங் மட்டும்தான். அதுக்குக் காகிதம் பத்தாதாம். அவங்க பொறுக்கி எடுத்த இருபத்திரண்டாம் நம்பர் ஆளு, அவங்க பக்கத்துல இருக்கும்போதே ஒரு ஜாயின்ட் வெச்சுக் காட்டணுமாம். இவன் நேத்துதான் வாயைத் திறந்தான், அந்த நூத்தியெண்பதும் உன் கைதான்னு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன?"

நொட்டாங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கசிந்த ஜாயின்ட்டைப் பற்றி இப்போதும் மூச்சு விடவில்லை. காரியம் ஆகும் அளவுக்கு மட்டும் உண்மை சொல்லியிருக்கிறான். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றியெரிந்தது.

முதலாளி யோசனையைச் சொன்னார். மாப்பிள்ளை அடையாளக் கார்டைக் காட்டிவிட்டு, வெல்டிங் வெளிச்சம் வெளியே அடிக்காமல் இருக்கக் கட்டிய தடுப்புக்குள் முகமூடியோடு போவான். பின்கதவு வழியாக இவள் அதே உடுப்பில், அதே மாதிரி முகமூடியில் உள்ளே நுழைந்து ஜாயின்ட் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். யாராவது எட்டிப் பார்த்தாலும் முகமூடிக்குள் யார் முகம் என்று எவன் கண்டான்?

"சரி, வரேன்" என்றாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை அக்காவின் புத்தி நன்றாகவே வேலை செய்தது.

பரிசோதனை நாளில் மாப்பிள்ளை தடுப்புக்குள் போனான். நொட்டாங்கை பின்கதவுப் பக்கமே போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, முன்வாசல் வழியாக வந்து, ஹைட்ரஜன் வாங்குபவர்கள் அனுப்பிய பரிசோதகருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.

"நீங்க?" என்றார் பரிசோதகர்.

"பழைய வெல்டர் சார். சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்."

தடுப்புக்குள்ளிருந்து பின்கதவை மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினான். பிறகு அவசர அவசரமாகத் தட்டினான். இரண்டு வருஷத்தில் அவள் காதுக்கு இவ்வளவு இனிமையாக எதுவும் கேட்டதில்லை.

"ஏன் இன்னும் ஆரம்பிக்கலை?" என்று பரிசோதகர் குரல் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் ஆரம்பித்தான். வெல்டிங் கம்பி குழாயில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினான், மறுபடி ஒட்டியது. கடைசியில் வெளியே வந்த துண்டு, பற்பசையைக் குழாய்மேல் அப்பிவிட்டது போல இருந்தது. பரிசோதகர் தன் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"இருபத்திரண்டு தேறலை. அந்த நம்பர் போட்ட நூத்தியெண்பது ஜாயின்ட்டையும் அறுத்துடுங்க. நான் அடுத்த நாட்டைப் பார்க்கக் கிளம்பறேன்."

முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டார். நொட்டாங்கை எழுந்தாள்.

"அறுக்காதீங்க சார். அது அத்தனையும் என் கை."

"அப்ப அந்த நம்பர்?"

"பொய். அடிச்சதும் நான்தான். தங்கச்சி புருஷனுக்காக அடிச்சேன்."

"பொய் நம்பர் அடிச்சவங்க பேச்சை நான் எதுக்கு நம்பணும்?"

"என்னை நம்ப வேண்டாம். ஜாயின்ட்டைப் பாருங்க. நிக்கிற குழாயில வலது கைக்காரங்க வெச்சா வெல்டிங் மேல விழுற வரியெல்லாம் மீன் செதில் மாதிரி இடது பக்கமாப் போகும். நான் நொட்டாங்கை, எனக்கு வலது பக்கமாப் போகும். அதுக்கு முன்னாடி, வாசல்ல மாட்டியிருக்கிற துண்டையும் ஒரு பார்வை பாருங்க."

துண்டைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி அதில் அப்படியே இருந்தது. பரிசோதகர் இப்போது பூதக்கண்ணாடியை எடுத்தார். பழைய துண்டையும் புதுத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் வரி இடது பக்கமாகத்தான் போயிருந்தது.

"ரெண்டும் வலது கை. நடுக்கம்கூட ஒரே மாதிரி" என்றார்.

இரண்டு வருஷமாகத் தினமும் அதைத் தாண்டிப் போனவர் முதலாளி. எழுதியிருந்ததைப் படித்தாரே தவிர, வரியை ஒருநாளும் பார்த்ததில்லை. பட்டறை மொத்தமும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது. அவன் முகமூடியை மெல்ல எடுத்தான்.

"பயத்துல... அக்கா பஞ்சை நான்தான்..."

"சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."

சத்தமாகச் சொன்னான். கேட்ட ஆட்கள் முணுமுணுத்தார்கள். நொட்டாங்கைக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் போதவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அன்றே அவள் ஒரு ஜாயின்ட் வைத்துக் காட்டினாள். அடுத்த இரண்டு நாளும் பரிசோதகர் குழாய் குழாயாக ஏறி இறங்கினார். பட்டறை செலவில் நூற்றெண்பதையும் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றில்கூடக் குறை இல்லை. பொய் நம்பருக்குத் தண்டனையாக ஆறு மாதம் அவள் கண்காணிப்பில்தான் வேலை செய்ய வேண்டும் என்று பரிசோதகர் எழுதினார். ஏழாம் நம்பர் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆர்டரும் ஆலைக்கே கிடைத்தது. விலை குறைத்துச் சொன்ன இன்னொரு நாட்டுக்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலாளி மாப்பிள்ளையைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளப் போனார். தங்கை வாசலில் நின்று அக்காவையே பார்த்தாள்.

"அனுப்ப வேண்டாம்" என்றாள் நொட்டாங்கை. "எனக்குக் கிரைண்டர் பிடிக்க ஆள் வேணும். அவர் இருக்கட்டும்."

எல்லாரும் அசந்துபோனார்கள். பெரிய மனசு என்றார்கள். தங்கை காலில் விழப்போனாள்.

மறுநாளிலிருந்து குழாய் முனையைத் தேய்த்துக் கொண்டுவருவது மேஸ்திரியாக இருந்தவனின் வேலை. அவள் முனையில் விரலை ஓட்டுவாள். "இன்னொரு தடவை, மாப்பிள்ளை" என்பாள். மரியாதை ஒரு சொட்டும் குறையாது. அவன் தேய்த்து எடுத்துவருவான். "இன்னொரு தடவை." முன்பு அவனிடம் கைகட்டி நின்ற ஆட்கள் பக்கத்து மேடைகளில் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். முனை கண்ணாடியாகப் பளபளக்கும் நாளிலும் அவளால் விரலை ஓட்டாமல் இருக்க முடிந்ததில்லை. வேறு இடத்தில் வேலை தேடலாமென்றால், நம்பரை மாற்றி அடித்தவனை எந்தப் பட்டறையும் வாசல்படி ஏற்றாது.

கண்காணிப்பு முடிந்த வாரம் தங்கை பட்டறைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். புருஷன் முனை தேய்ப்பதையும், நொட்டாங்கை விரலை ஓட்டுவதையும், அவன் திரும்பிப் போவதையும் மூன்று முறை பார்த்தாள். நாலாவது முறை அவளால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கே அவரை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாமேக்கா."

"அனுப்பியிருக்கலாம்தான்" என்று சொல்லிவிட்டு, நொட்டாங்கை அடுத்த குழாய்க்குக் கையை நீட்டினாள்.