ஆளுக்கொரு நவம்பர்

நவம்பரில் சுட்டுக் கொன்ற மானை கேலன் ரைட்ஸ் மார்ச் மாதத்தில் இன்னொரு தடவை சுட்டார். மான் அப்போது தாளில் சுற்றிய பொட்டலங்களாக நிலவறை ஃப்ரீசருக்குள் படுத்திருந்தது. தோட்டா ஃப்ரீசரின் வயிற்றில் நுழைந்து, தொடைக்கறியைத் துளைத்து, மனைவி ஆர்லீன் ஈஸ்டருக்கென்று செய்து வைத்திருந்த ஆப்பிள் கேக்கையும் துளைத்து, குளிர்க்குழாயில் போய் நின்றது. ஃப்ரீசர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

செத்த பாம்பை அடித்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். உறைந்த மானைச் சுட்டவனை என்ன செய்யும் என்று கேலன் யோசித்தார். அதுவும் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இருபத்தைந்து வருடம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் அவர். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை என்பதுதான் முதல் பாடம். மறைந்த சிநேகிதன் லமாரின் பழைய துப்பாக்கிக்கு எண்ணெய் போட எடுத்தவர், தோட்டா வெளியே வந்து விழுவது நிற்கும்வரை அதன் நெம்புகோலை இழுத்தார். நின்றது. தோட்டாக் குழாயில் ஒட்டிக்கிடந்த கடைசித் தோட்டா ஒன்று, அவர் சும்மா இன்னொரு முறை இழுத்தபோது சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டது. காலிதானே என்று விசையை அழுத்தினார்.

"கேலன்! உயிரோட இருக்கியா?" மேலேயிருந்து ஆர்லீன் கத்தினாள்.

"நான் இருக்கேன். ஃப்ரீசர்தான் போயிடுச்சு."

"கேக்?"

"நடுவுல ஓட்டை. டோனட்னு நினைச்சுக்கோ."

ஆர்லீன் இறங்கி வந்து படியில் உட்கார்ந்தாள். ஃப்ரீசரைப் பார்த்தாள், சுவரோரம் நின்ற துப்பாக்கி அலமாரியைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"நீயே இந்த லட்சணம்னா, நீ போனப்புறம் எதுல தோட்டா இருக்கு, எதுல இல்லனு நான் எப்படிப் பாப்பேன்? எது யாருக்குனு இப்பவே முடிவு பண்ணு. இல்லனா நீ செத்த மறுவாரம் ஏலக்காரனைக் கூப்பிட்டுடுவேன்."

"மறுவாரமேவா? ஒரு மாசமாவது துக்கம் காக்கக்கூடாதா?"

"ஃப்ரீசருக்குக் காக்கிறேன்."

காதில் மணியடித்துக்கொண்டிருந்ததால் மற்றது எதுவும் கேட்கவில்லை என்று கேலன் நடித்தார். ஆனால் எது யாருக்கு என்ற அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்துவிட்டது.

அந்த அலமாரியில் இருந்தவற்றில் அவர் கடையில் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் செத்துப்போன சிநேகிதர்களுடையவை. ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்ச நாள் கழித்து, அந்த வீட்டுப் பெண்பிள்ளை பழைய போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு வாசலில் வந்து நிற்பாள். "என்ன பண்ணணும்னு உனக்குத்தான் தெரியும், கேலன்" என்பாள். கேலனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாங்கிக்கொள்வார்.

பிறகு அவரே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மான் வேட்டைக்காலம் தொடங்கும் முதல் நாளில் ஆளுக்கொரு நவம்பர். இந்த வருடம் சிநேகிதன் கிளேரின் துப்பாக்கி என்றால், விடியுமுன் அதைத் தூக்கிக்கொண்டு மலையேறி, கிளேர் வழக்கமாக உட்கார்ந்த மரத்தடியில் போய் உட்காருவார். கிளேரைப் போலவே பத்து மணிக்குள் தூங்கியும்போவார். போன நவம்பர் லமாரின் முறை. லமார் கட்டைமேல் உட்கார்ந்து, பீட்ரூட் காடியில் ஊறிச் சிவந்த முட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்குவான். அவன் விரல் சிவப்பைப் பார்த்து, மான் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் ஏமாறுவார்கள். குளிருக்கு மனைவியின் தொடைவரை நீளும் நைலான் காலுறையைப் பேன்ட்டுக்குள் போட்டிருப்பான். "அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா மானம் போயிடும்டா, என்னைக் காட்டுலயே பொதைச்சிடு" என்று கேலனிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தான். கடைசியில் அவன் போனது சமையலறை நாற்காலியில், தபால் பிரித்துக்கொண்டிருக்கும்போது.

இப்போது கேலனுக்கு வயது எழுபத்தாறு. தனக்குப் பிறகு இவர்களையெல்லாம் யார் மலைக்குக் கூட்டிப்போவார்கள்?

கறி உருகுவதற்குள் தின்று தீர்க்க வேண்டும் என்று ஆர்லீன் சனிக்கிழமை மதியம் தெரிந்தவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டாள். கேலன் இதுதான் சமயம் என்று, மான்கறிக் குழம்பு பரிமாறும்போதே பேச்சை எடுத்தார்.

"ஜெனெல், எனக்கப்புறம் இந்தத் துப்பாக்கியெல்லாம் நீ எடுத்துக்கிறியா?"

பிட்ஸ்பர்கிலிருந்து வந்திருந்த மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, நீ நூறு வயசு இருப்பே. உருளைக்கிழங்கு எடுத்துக்கோ."

"நூத்தியோராவது வயசுல?"

"அப்பவும் உருளைக்கிழங்குதான்."

கிளேரின் மகன் டாட் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவோடது உனக்கு வேணுமாடா?"

"ஆசைதான் கேலன். வீட்டுல வைக்க இடம்தான் இல்ல."

"ரெண்டு படகு நிக்குதேடா உன் கொட்டகையில!"

"அதனாலதான் இடமில்ல" என்றான் டாட். மேசையே சிரித்தது. கேலனும் சிரித்தார். சிரித்துச் சிரித்தே மனிதரைக் குழிக்குள் தள்ளிவிடுவார்கள் போலிருந்தது. வாழ்நாள் பூராவும் எல்லாவற்றையும் வேடிக்கையாக்கியவனுக்கு யார் நேராகப் பதில் சொல்வார்கள்? வினை விதைத்தவர் அறுத்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் கறி எடுத்துவர நிலவறைக்கு இறங்கினார். பின்னாலேயே லமாரின் மனைவி டோரிஸ் பாத்திரத்தோடு வந்தாள். கறியை மாற்றி வைத்திருந்த ஐஸ் பெட்டியிலிருந்து பொட்டலங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"டோரிஸ், ஒண்ணு கேக்கிறேன். வேடிக்கை இல்ல."

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"லமாரோட துப்பாக்கியை என்கிட்ட கொண்டுவந்து கொடுத்தியே. அதை நான் என்ன பண்ணணும்னு நினைச்சே?"

டோரிஸ் பாத்திரத்தை ஃப்ரீசர் மூடிமேல் வைத்தாள். "என் வீட்டை விட்டுப் போகணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"எதுக்கு, ஏன்னு கேக்காம வாங்கிக்கிற ஆள் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான். மத்தவங்கன்னா உக்காரவச்சு ஆறுதல் சொல்லியிருப்பாங்க."

"நான் அதை மலைக்குத் தூக்கிட்டுப் போய்..."

"தெரியும். ஆர்லீன் சொன்னா. அவர் கட்டையில உக்காந்து முட்டை தின்னியாம். உனக்கு ரொம்ப நல்ல மனசு கேலன். பைத்தியமும் கொஞ்சம் இருக்கு." அவள் அலமாரியைப் பார்த்தாள், கிட்டப் போகவில்லை. "அவர் போன அந்தக் குளிர்காலம் பூரா நான் அதைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். மடியில வச்சுப் பாத்தேன். எண்ணெய் வாடைதான் வந்துச்சு. அவர் அதுல இல்ல."

வழக்கமாக அந்த இடத்தில் கேலனுக்கு ஒரு வேடிக்கை வரும். வரவில்லை.

"அப்ப நான் போனப்புறம் அதை என்ன பண்ணச் சொல்றே?"

"வித்துடச் சொல்லு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வாங்குறவன்கிட்ட மட்டும் லமாரைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவனாவது நிம்மதியா மான் சுடட்டும்."