காகிதத் தோகை

பசை காய்வதற்குள் தோகையைக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டான் தம்பி. மெல்லிய வண்ணத்தாளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிக் குச்சியில் ஒட்டியது. அக்காவின் இசை வகுப்பில், பாட்டுக்கு முன் தொண்டையைப் பழக்கக் குழந்தைகள் இதை முகத்துக்கு நேரே பிடித்து 'ஸ்ஸ்' என்று பாம்பாகச் சீறுவார்கள். மூச்சு உள்ளவரை தாள் ஆடும். ஆட்டம் நின்றவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

இன்று அது அக்காவின் மூக்குக்கு நேரே தொங்கியது.

இனி மூச்சு விட்டுவிட்டுத்தான் வரும், மருந்து வேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்று நர்ஸம்மா காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆளாகத் தான் இருந்துவிடக் கூடாதே என்றுதான், அக்கா மகளை ரயிலடியிலிருந்து கூட்டிவரத் தானே போவதாகச் சொல்லிப் பார்த்தான். இந்த நிலையில் நீ வண்டி ஓட்ட வேண்டாம் என்றார் அத்தான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தம்பி சோபா தைக்கிறவன். பழைய ஸ்பிரிங்கைக் காலால் மிதித்துப் பிடுங்குகிறவன். இப்போது கட்டிலருகே போக முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, வகுப்புக்கென்று ஆரம்பித்த ஸ்பாஞ்ச் தவளைப் பொம்மைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். ஒரு தையல் போடுவான், தோகையைப் பார்ப்பான். ஆடுகிறது. அடுத்த தையல்.

"புழுக்கமா இருக்குடா. ஃபேன் போடேன்."

ஃபேன் போட்டால் தோகை பொய் சொல்லும். "கரண்ட் இல்லக்கா."

ஊசி விரலில் ஏறியது.

"ஃப்ரிட்ஜ் பாடுதே. சுருதி கூட சுத்தமா இருக்கு."

அவன் தலை குனிந்துகொண்டான். எழுந்து ஸ்விட்ச் பக்கம் போனவனை அவள் தடுத்தாள். தன் மூக்கெதிரே ஆடும் தாளை அவள் பார்த்துவிட்டாள்.

"டீச்சருக்கே பரீட்சையா?"

"பயமா இருக்குக்கா."

"தெரியும். பல்லியப் பாத்தே ஓடுற ஆளு. இருக்கட்டும், கட்டியே வை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆட்டம் நின்னு நான் உக்காந்ததும் ஃபேனப் போட்டுடு. இப்ப கிட்ட வா. சேந்து பாம்பு விடலாம்."

தவளையைக் கீழே வைத்துவிட்டு வந்து முட்டி போட்டான். தலையணையோரம் முகம் வைத்துச் சீறினான். அவளும் சீறினாள், காய்ந்த இலை நகர்கிற மாதிரி. கீற்றுகள் ஆடின. அவள் உதடு சிரிப்புக்குப் போய்ப் பாதியில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் நிறுத்தவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் சீறினான். தாள் ஆடியது. பச்சை, மஞ்சள், சிவப்பு. நல்லவேளை, ஆடுகிறது. இன்னொரு தரம் சீறினான். இன்னும் ஆடியது. தலையணை நனைந்திருந்தது, அவனுடைய வியர்வையில்.

பிறகுதான் உறைத்தது. தாளுக்கு இவ்வளவு பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டிருந்தது அவன்தான்.

சீறுவதை நிறுத்தினான். வாயை மூடினான். மூக்கையும் கையால் பொத்திக்கொண்டான்.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் பாடிக்கொண்டிருந்தது.

நெஞ்சு முட்டியபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டான். வாசலில் அத்தானின் வண்டி வந்து நின்றது. கதவு திறந்து, அக்கா மகளின் செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். ஃபேனைப் போட்டான்.

கீற்றுகள் எல்லாம் ஒன்றாக எழும்பிப் படபடத்தன.