ஓப்பலின் இடது கண்

"அக்டோபர் 19, ஞாயிறு, பகல் 1.40. ஒரு சின்னத் தவறு. காலையில் ஓப்பலை எடை போட்டபோது கண்மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன். 748 கிராம் என்று எழுதியது தப்பு. 740 என்று இருக்க வேண்டும். வானம்: காலி."

பிக்கப் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்த வெர்னா, பறவையின் கண்ணை மறைக்கும் அந்தத் தோல் குல்லாயின் எட்டு கிராமைச் சரியாகத்தான் கழித்தோமா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். ஓப்பல் அவள் பழக்கிய பெண் வல்லூறு; காட்டுக்கோழி வேட்டைக்குப் பறக்கவிடும் பறவை. எடை கூடினால் அதற்குப் பசி இருக்காது. பசி இல்லாத வல்லூறு கூப்பிட்டாலும் திரும்பி வராது. அதனால் தினமும் தராசு, தினமும் நோட்டு. வானத்துக்கும் ஒரு வரி உண்டு. வயோமிங்கின் இந்தச் சமவெளியில் பொன்கழுகு வல்லூறுகளைப் பிடித்துத் தின்னும். போன குளிர்காலத்தில் அடுத்த பண்ணைக்காரருடைய வல்லூறில் மிஞ்சியது இரண்டு இறக்கைகளும் காலில் கட்டிய மணியும்தான்.

தொலைநோக்கியால் இரண்டு சுற்று பார்த்துவிட்டுத்தான் காலி என்று எழுதினாள்.

புதர்களுக்கு நடுவே நாய் ஒரு காலைத் தூக்கியபடி விறைத்து நின்றது. அதன் மூக்குக்கு நேரே கோழிகள் பதுங்கியிருந்தன. அண்ணன் ஓரின் நாயின் பக்கத்தில் நின்று, சீக்கிரம் என்று கையசைத்தான். வெர்னா வண்டியிலிருந்து இறங்கி, கையுறையில் இருந்த ஓப்பலின் கண்மூடியைக் கழற்றினாள்.

வழக்கமாக ஓப்பல் உடம்பைச் சிலிர்த்து, எச்சமிட்டு, காற்றை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். இன்று அசையவில்லை. தலையைச் சாய்த்து இடது கண்ணை மட்டும் மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் நகங்கள் கையுறையின் தோலில் இறுகின.

வெர்னாவும் மேலே பார்த்தாள். வெறும் நீலம்.

ஓரின் அருகே வந்தான். "மகாராணி சாப்பிட்டா வெளிய போகமாட்டாங்களோ?"

"எழுநூத்தி நாப்பதுதாண்ணா. கண்மூடியைக் கழிச்சுட்டேன்."

"நோட்டுல கழிச்சே. அது வயித்துல கழிச்சியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. தராசு தப்பாக இருக்குமோ? நேற்று கொடுத்த காடை இறைச்சி அதிகமோ? எப்போதும் போலத் தன் கணக்கைத்தான் சந்தேகப்பட்டாள். நாய் பொறுமை இழந்து முனகியது. வெர்னா கையை முன்னால் வீசி ஓப்பலைக் காற்றில் விட்டாள்.

வல்லூறு மேலே ஏறவில்லை. தரையை ஒட்டி, புதர்களின் தலையை உரசிக்கொண்டு தப்பி ஓடுவது போலப் பறந்தது. பறக்கும்போதும் தலை ஒரு பக்கமாகவே திரும்பியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தூரத்தில் இருப்பதை வல்லூறு நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அதன் பார்வையின் மிகக் கூர்மையான இடம் பக்கவாட்டில் இருக்கிறது. வெகு தொலைவில் ஒன்றைக் கண்டால் தலையைத் திருப்பி ஒரு கண்ணை அதன்மேல் நிறுத்தும். இதை அவளே முதல் மாதம் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். ஓப்பல் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

தொலைநோக்கியைத் தூக்கினாள். இடது கண் நின்ற திசையில் தேடினாள். ஒரு புள்ளி. தூசியோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். புள்ளி பெரிதாகியிருந்தது.

"கழுகுண்ணா."

ஓரின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டான்.

இரைபோலச் சிறகு கட்டிய தோல் பொம்மை பையில் இருந்தது. அதைச் சுழற்றினால் ஓப்பல் வரும். ஆனால் வர வேண்டுமானால் அது புதர்களின் மறைவை விட்டு மேலே எழும்ப வேண்டும். வெட்டவெளியில் பிடித்துக் கொடுப்பது போலாகிவிடும். வெர்னா பொம்மையை எடுக்காமல் ஓடினாள். இருநூறு அடிக்கு அப்பால் ஓப்பல் ஒரு புதருக்குள் விழுந்ததைப் பார்த்திருந்தாள். எந்தப் புதர்? எல்லாமே ஒன்றுபோல் இருந்தன. ஓடிக்கொண்டே அவள் கத்திய சத்தம் அவளுக்கே யாரோ கத்துவது போலக் கேட்டது.

காற்று கிழிபடுகிற ஓசை தலைக்கு மேல் வந்தது. கால்களை நீட்டியபடி கழுகு அவளுக்கு முன்னால் ஒரு புதரின்மேல் மோதியது. குச்சிகள் முறிந்தன. அது இறக்கையை விரித்து நின்று காலால் உள்ளே துழாவியது. வெர்னா கையுறையைக் கழற்றி அதன்மேல் வீசினாள். தோளில் பட்டது. அது திரும்பி அவளைப் பார்த்தது. பத்தடி தூரம். அவள் கத்துவதை நிறுத்தவில்லை. கழுகு அவசரப்படாமல் எழும்பிப் போனது.

மண்டியிட்டு முள்ளுக்குள் கையை விட்டாள். ஓப்பல் மண்ணோடு மண்ணாகத் தட்டையாகப் படுத்திருந்தது. வாலிறகு இரண்டு முறிந்திருந்தன. ரத்தம் இல்லை. அவளுடைய கை தொட்டபோதும் அது அவளைப் பார்க்கவில்லை. கண் மேலேயே இருந்தது. அவளும் திரும்பி மேலே பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுகு போய்விட்டதா, போகவில்லையா என்று சொல்ல அவளிடம் அப்படி ஒரு கண் இல்லை.

கண்மூடியைப் போட்டாள்; வாரை இழுக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. ஓரின் வந்துதான் இழுத்துவிட்டான்.

"நான் சும்மா வாயாடினேன்," என்றான்.

"நான்தானே விட்டேன்."

சட்டைக்குள் பறவையை அணைத்தபடி வண்டிவரை நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு நோட்டைத் திறந்தாள். நோட்டில் எழுத்து கோணலாக விழுந்தது:

"நாளை ஓப்பலைப் பறக்கவிடக் கூடாது. காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை கொல்லையில், கயிறு கட்டி, கண்மூடி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். எத்தனை தடவை தலையைச் சாய்க்கிறாள், எந்தக் கண், எந்தத் திசை என்று குறிக்க வேண்டும். அண்ணன் தொலைநோக்கியோடு அந்தத் திசையைப் பார்ப்பான்."