மேற்குச் சன்னலில் ஓர் அருவி

பேட்டையில் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் தேன்மொழிக்குச் சொத்து என்றால் அந்த மேற்குச் சன்னல்தான். அதனடியில் இருந்த தையல் மெஷின் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருந்தாள். ஆனி பிறந்துவிட்டால் மலைச்சாரல் காற்று வயல்களை மிதித்துக்கொண்டு வந்து அவள் பிடரியைத் தொடும். கையில் ஓடுவது நீலத் துணியா ஆற்றுத் தண்ணீரா என்றே தெரியாது. பொழுது மிதந்து போகும்.

மேலாளர் குமரகுருபரன் சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததும், தொழிலாளர் மனநிம்மதியில் இறங்கினார். இறங்கினால் ஆழம் பார்க்காத மனிதர். மறுநாளே சன்னலை முழுதாக மூடி ஒரு ஃப்ளெக்ஸ் வந்தது. பொங்கி விழும் அருவி; பக்கத்தில் கைகட்டிச் சிரிக்கும் மேலாளர்; கீழே, ‘உங்கள் நிம்மதியே எங்கள் உற்பத்தி.’

“சார், காத்து அடைச்சிட்டுதே,” என்றாள் தேன்மொழி.

“இதான் நெகட்டிவ் பேச்சுங்கது. காத்து மனசுக்குள்ள இருந்து வரணும்மா.”

சொல்லிவிட்டு ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனசில் காற்று போதவில்லை போலும்.

பக்கத்து மெஷின் முஃபீதா, வியர்வையில் ஒட்டிய தேன்மொழியின் ரவிக்கையைப் பார்த்தாள். “எக்கா, அருவில நல்லா நனைஞ்சிட்டிய போல!”

“சிரிக்காதட்டி. மூச்சு முட்டுது. இப்படியே போனா வேலையை விட்டுட்டுப் போயிருவேன்.”

பிற்பகலில் ஃப்ளெக்ஸின் பின்னால் காற்று வாசல் தெரியாமல் முட்டியது. தேன்மொழிக்குக் கண் சொருகியது. மெஷின்களின் இரைச்சல் மெல்ல மெல்ல அருவி இரைச்சலானது. நனையத்தானே அருவி? கத்தரியை எடுத்து, தண்ணீர் விழுகிற போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பைய கோடு கோடாகக் கீறினாள். தையல்காரிக்கு வெட்டு எங்கே மறையும் என்று தெரியாதா?

காற்று நுழைந்தது. அருவி அசைந்தது. மேசைமேல் கிடந்த நீலச் சட்டைகள் கைவிரித்து நீந்தத் தொடங்கின.

அந்த நேரம் பார்த்துக் குமரகுருபரன் வந்தார். தேன்மொழி கத்தரியை மடியில் ஒளித்தாள். அவர் அருவியையே பார்த்தபடி நின்றார். வழுக்கையை மறைக்க வாரியிருந்த முடி எழுந்து ஆடியது.

“தண்ணி விழுகுது! குளிரக்கூடச் செய்யுதே!” என்றார். “நான் சொன்னேம்லா, மனசு வச்சா எல்லாம் வரும்னு?”

“ஆமா சார். உள்ள இருந்துதான் வருது,” என்றாள் தேன்மொழி.

பயிற்சியின் பலன் என்று சாயங்காலமே முதலாளிக்கு வீடியோ போயிற்று. தேன்மொழியின் துணி மறுபடி ஆறாகிவிட்டது. ஃப்ளெக்ஸில் கைகட்டி நின்ற மேலாளர் மட்டும், காற்று வரும்போதெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தார்.