கதவு இல்லாத நாட்கள்

கோர்ட் அமீனா நோட்டீஸோடு வரும் நாட்களில் மட்டும் மில்காரர் வீட்டு மாடிக்குக் கதவு இருக்காது. படி ஏறி முடிந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் நிற்கும். உள்ளே ரேடியோ பாடும். மாடியில் குடியிருந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், இருக்கிற இடம் தெரியாமல் இருப்பவள். மில்காரருக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. புருஷனோடு ஒத்துப்போகாமல் அவருடைய மகள் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். கீழே மாவு மில், பிள்ளை ஓயாமல் இருமினான். காற்றோட்டமான இடம் மாடி ஒன்றுதான். காலி செய்யச் சொன்னார். போக்கிடமில்லை என்றாள். சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று வழக்குப் போட்டார்.

நோட்டீஸை அவள் கையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவில் ஒட்ட வேண்டும். அமீனா கடைக்குப் போனார். கடைக்கே கதவு இல்லாமல் போய், கண்ணாடி வாங்க வந்தவர்கள் சாயங்காலம்வரை உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த தடவை அமீனா பசை டப்பாவோடு மாடிக்கு வந்தார்.

"செவுத்துலயே ஒட்டிட்டுப் போங்களேன்," என்றார் மில்காரர்.

"செல்லாதுங்க. கதவுன்னுதான் உத்தரவு."

"சீக்கிரம் கிளம்புங்க சார், வேலைக்கு நேரமாச்சு," என்று சுவருக்குள்ளிருந்து அவள் குரல் கொடுத்தாள். அவளுக்கும் வேறு வழி கிடையாது.

நீதிபதி ஒத்திவைத்தார், மாற்றலாகிப் போனார், வந்தவரும் ஒத்திவைத்தார். மில்காரருக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். வக்கீல் மட்டும் கொஞ்சம் சதை போட்டார். பேரன் நடக்கத் தொடங்கினான், இருமிக்கொண்டே. ஒருநாள் அமீனா கீழே நின்று பசை கலக்கிக்கொண்டிருந்தபோது பிள்ளைக்கு மூச்சு முட்டியது. மகள் யாரையும் கேட்கவில்லை, அவனைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். பின்னாலேயே ஓடிய மில்காரர், சுவர் இருந்த இடத்தில் கதவு திறப்பதைப் பார்த்தார். "உள்ள வாம்மா, ஜன்னல்கிட்ட படுக்க வை," என்றாள் குடியிருந்தவள். அமீனா மேலே வந்து சேர்வதற்குள் சுவர் மூடிக்கொண்டது. மில்காரர் அதில் காதை வைத்துக் கேட்டார். இருமல் மெல்ல அடங்கியது. பிறகு பேரன் சிரித்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க தேடுற வீடு இது இல்லைங்க," என்றார் அமீனாவிடம்.

மகளும் பேரனும் மாடியிலேயே தங்கிவிட்டார்கள். வழக்கை வாபஸ் வாங்கவும் எதிர்த்தரப்புக்கு ஒரு நோட்டீஸ் தர வேண்டுமாம், அதையும் கதவில்தான் ஒட்ட வேண்டுமாம். அதனால் அமீனா இன்னமும் வருகிறார். அன்றைக்கு மட்டும் மில்காரர் விடிந்ததுமே மாடியேறிப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் அமீனா கிளம்பும்வரை வெளியே வர வழியில்லாததால் மில்லுக்கு லீவு.