ரேடியேட்டரில் உப்பு

தேசப்பனின் பழைய அம்பாசிடரை நேற்று கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார்தான். போன செவ்வாய்க்கிழமை, நெஞ்சுவலியில் துடித்த அவன் பெண்சாதி பாக்கியத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது திருப்பாலைவனம் தாண்டி நின்றுவிட்டது. அவள் பின்சீட்டிலேயே போய்விட்டாள்.

"பெட்ரோல்ல குப்பைண்ணா. அன்னிக்கு கார்புரேட்டருக்குப் பெட்ரோலே வரல," என்றான்.

டேங்க், பில்டர் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. வண்டியைக் கிளப்பி ஓடவிட்டேன். பத்தே நிமிஷத்தில் இஞ்சின் கொதித்தது. அந்தச் சூட்டில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ள, வண்டி நின்றது. ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே குழாய்களை அடைத்து வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

எனக்கு வந்ததே கோபம்.

"குப்பத்து உப்பு ஏரித்தண்ணிய எவன்டா இதுல ஊத்துனது? இது இன்னா மீன்புடிக்கிற போட்டா? ஊத்துனவன்தான்டா அவளைக் கொன்னது!"

தேசப்பன் தலையைத் தூக்கவில்லை.

"அவதாண்ணா ஊத்துவா. தெனமும் காலையில ஒரு சொம்பு. போட்டு இஞ்சின் உப்புத்தண்ணியிலதானே ஆறுது, லாரித்தண்ணி குடிக்கவே பத்தல, காருக்கு வேற எதுக்குனு சொல்லுவா."

மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினேன். அப்போதுதான் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்த அவன் மகள் நந்தினி, "நைனா வண்டிக்கு இன்னா கோளாறு மாமா?" என்றாள்.

"பெட்ரோல்ல குப்பை," என்றேன்.